நம்பர் தெரிந்த ஆடு

ஆமணக்கம்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொல் தவறாதவர்கள். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்து முடிப்பவர்கள். அந்த ஊருக்கு வந்த கேடெல்லாம், போகிறவர் வருகிறவர் எதையாவது சொல்லிவிட்டுப் போனதால் வந்ததுதான்.

வருஷா வருஷம் வைகாசியில் அங்கே முனியசாமி கோவிலில் கறிச்சோறு போடுவார்கள். இருபது ஆடு, மூன்று மூட்டை அரிசி. முந்நூறு வீட்டுக்கும் வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஓர் இலை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இலை முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது, விரித்த இலையைச் சும்மா மடிக்கக் கூடாது. இதெல்லாம் சாமி கட்டளை. விருந்துக் கமிட்டித் தலைவர் அம்பலவாணம் தன் பங்குக்கு இன்னொன்று சேர்த்திருந்தார். வாசலில் முகம் பார்த்து ஆளை விடக் கூடாது, சீட்டைப் பார்த்துத்தான் விட வேண்டும். முகம் பார்த்தால் ஓரவஞ்சனை வந்துவிடுமாம்.

வாசலில் சீட்டுப் பார்ப்பவர் தவசிக்கண்ணு. நல்ல மனிதர், நல்ல பசிக்காரர். வாசல்காரர் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்பதால், மூன்று வருஷமாக அவர் இலைக்கு வந்தது அண்டாவைச் சுரண்டும் சத்தம் மட்டும்தான். ஒரு நல்லி எலும்பு வேண்டும். அதை இலையோரத்தில் தட்டி, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்ச வேண்டும். இதைத் தவிர தவசிக்கண்ணுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

போன வருஷம் அவர் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய் ரசம் கேட்டபோது, மனைவி முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கே சோறு போடுற கமிட்டியில இருக்கீகன்னு பேரு. வருசா வருசம் எங்கிட்ட ரசத்துக்கு வந்து நிக்கிறீக. அடுத்த வருசம் ஏப்பம் விட்டுக்கிட்டு வந்தாத்தான் கதவு தெறக்கும், சொல்லிப்புட்டேன்" என்றாள்.

கறியெல்லாம் எங்கே போனது என்றால், பக்கத்து ஊரான சீலாங்குளத்தின் வயிற்றுக்குள் போனது. முதல் வருஷம் சீட்டுக்கு ஒன்று முதல் முந்நூறு வரை நம்பர் போட்டார்கள். சீலாங்குளத்துக்காரர்கள் முந்நூற்றியொன்றிலிருந்து தொடங்கி நூற்றைம்பது சீட்டு அடித்துக்கொண்டு வந்தார்கள். "முந்நூறுக்கு அப்புறம் முந்நூத்தியொண்ணுதான வரும்? கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று கமிட்டி அவர்களை உள்ளே விட்டது.

அடுத்த வருஷம், மனதுக்குத் தோன்றிய நம்பரைப் போடுவது என்று முடிவாயிற்று. கமிட்டியார் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினார்கள். மொய் எழுதிப் பழகிய கைகள். முந்நூறு சீட்டிலும் நூற்றியொன்று என்றே விழுந்திருந்தது. சீலாங்குளத்துக்காரர்கள் கொண்டுவந்த சீட்டிலும் நூற்றியொன்றுதான் இருந்தது. அவர்களும் மொய் எழுதுகிறவர்கள்தானே.

மூன்றாவது வருஷம் விருந்துத் தேதியையே நம்பராகப் போட்டார்கள். அந்தத் தேதி சுற்றுப்பட்டு ஊர்ச் சுவரிலெல்லாம் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

இந்த வருஷம் தலைவரின் தம்பி மகள் போதும்பொண்ணு ஊருக்கு வந்திருந்தாள். நாலு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்ததால் அந்தப் பெயர். பெங்களூரில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்க்கிறாள். கமிட்டியின் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு பாவப்பட்டு ஒரு யோசனை சொன்னாள்.

"பெரியப்பா, மனுச மண்டைக்குத் தாறுமாறா நம்பர் யோசிக்க வராது. கம்ப்யூட்டர்கிட்டக் கேளுங்க. அதோட ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளயே இதுக்குன்னு ஒரு ஊத்து இருக்கு. கீபோர்டை எந்த நொடியில தட்டுறோம், மவுஸ் எந்தப் பக்கம் ஆடுது, இந்த மாதிரி யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாத தாறுமாறையெல்லாம் சேத்துக் கலக்கி வச்சிருக்கும். கேட்டா அதிலேருந்து நம்பரை அள்ளித் தரும். சீலாங்குளமே உக்காந்து யோசிச்சாலும் ஊகிக்க முடியாது."

பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதிவைத்தாள். ஒரு சொடுக்குப் போட்டால் முந்நூறு நம்பர் வரும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு இலக்கம். சீட்டுக்கு ஒரு பிரதி, வாசலில் ஒத்துப்பார்க்க ஒரு பிரதி.

மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக அவள் கடைசியாகச் சொன்னதையெல்லாம் தவசிக்கண்ணு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நீங்களா எந்த நம்பரும் யோசிக்காதீங்க. தேதி, மணியை வச்சு நம்பர் போடாதீங்க. ஒருவாட்டி ஓட்டின நம்பரை மறுவருசம் ஓட்டாதீங்க. முக்கியமா, நம்பர் யாருக்கும் தெரியக் கூடாது. அதாவது..."

பஸ் கிளம்பிவிட்டது. தவசிக்கண்ணு "அதாவது" என்பதையும் எழுதி, அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கமிட்டி கம்ப்யூட்டர் முன்னால் கூடியது. கமிட்டி என்றால் தலைவர் அம்பலவாணம், தவசிக்கண்ணு, கோவில் கொட்டுக்காரர் பூசைத்துரை, கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்கும் யானையும் தெரியாத குருந்தப்பன். முதல் சந்தேகம் குருந்தப்பனுக்கு வந்தது.

"இது வைகாசி. ஊர்க் கெணத்துலயே வாளி தரை தட்டுது. இதுக்குள்ள இருக்கிற ஊத்து மட்டும் ஊறியா கெடக்கும்?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. குருந்தப்பன் ஒரு குடம் தண்ணீரோடு வந்துவிட்டார். கம்ப்யூட்டரின் எந்த ஓட்டை வழியாக ஊற்றலாம் என்று தலைவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தவசிக்கண்ணு பாய்ந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கப்பா! அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு? அதுல ஊறுறது தண்ணியில்ல, தாறுமாறு. வத்தியிருந்தா தாறுமாறைத்தான் ஊத்தணும்."

அவர் புத்தியை எல்லோரும் மெச்சினார்கள். தாறுமாறாகத் தட்டுவதற்கும் ஆட்டுவதற்கும் உடனே ஒரு கால அட்டவணை போடப்பட்டது. ஒன்பது முதல் பத்து வரை பூசைத்துரை ஒழுங்கில்லாமல் தட்டுவது, பத்து முதல் பதினொன்று வரை குருந்தப்பன் மவுஸை இஷ்டத்துக்கு ஆட்டுவது. ஒரு நிமிஷம் பிந்தினாலும் அபராதம்.

பூசைத்துரை உட்கார்ந்து தட்டினார். முப்பது வருஷம் கொட்டடித்த கை. ததிங்கிணதோம், ததிங்கிணதோம் என்று பிசிறில்லாமல் விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்த குருந்தப்பனின் கால் தானாகத் தாளம் போட்டது.

"யோவ், தாளந் தப்பித் தட்டுய்யா!" என்றார் தலைவர்.

"தப்பினா முனியசாமி கண்ணைக் குத்திரும்" என்றார் பூசைத்துரை, கண்ணீரோடு.

குருந்தப்பனோ மவுஸைத் தொட்டில் ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, கால் மணி நேரத்தில் தானே தூங்கிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான், விருந்துக்கு நேர்ந்துவிட்ட கிடாக்களில் ஒன்று வாசல் வழியாக நுழைந்தது. மேஜைமேல் ஏறிற்று. கால அட்டவணையைத் தின்றது. கீபோர்டில் நாலு காலாலும் நடந்து, திரும்பி, மவுஸை உதைத்து, குருந்தப்பனின் தலையை முகர்ந்து எழுப்பிவிட்டு, மறுபடி நடந்தது. நாலு பேரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"இதுதாம்ப்பா தாறுமாறு!" என்றார் தலைவர்.

ஊற்று நிரம்பியிருக்கும் என்று தோன்றியதும் சொடுக்குப் போட்டார்கள். பிரிண்டர் கடகடவென்று தள்ளியது. யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் மூன்று பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, குருந்தப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சீட்டுகளைத் தடவித் தடவி வெட்டி, கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். வாசலில் ஒத்துப்பார்க்க வேண்டிய பட்டியலும் ஒரு தகரப் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப் போட்டுக்கொண்டது. சாவி கிணற்றுக்குள் போனது.

"எல்லாஞ் சரி. ஆடு?" என்றார் பூசைத்துரை.

"ஆட்டுக்கென்ன?"

"நம்பரைத் தட்டிக் கொடுத்ததே அதுதான். அதுக்குத் தெரியாம இருக்குமா?"

கமிட்டி நோட்டைப் புரட்டியது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நோட்டில் எழுதியிருக்கிறது.

"முதல் வெட்டு அதுக்குப் போட்டுருவோம்" என்றார் குருந்தப்பன்.

"வெட்டுறப்பக் கத்தும். கத்துறப்ப நம்பரைச் சொல்லிட்டா?" என்றார் தலைவர்.

ஆகவே அந்த ஆட்டுக்குக் கன்றுக்குட்டிக்குப் போடுகிற வாய்க்கூடு மாட்டி, விருந்து முடிகிற வரைக்கும் அதோடு யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தவசிக்கண்ணிடம் கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆடு பத்தொன்பதானதும், நாலு கால், நாலு நல்லி என்று மனதுக்குள் எண்ணிப் பெருமூச்சு விட்டார்.

கவர்கள் வீடு வீடாகப் போயின. பிரிக்க வேண்டாம் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தார்கள். சொன்னால் உள்ளே ஏதோ ரகசியம் இருப்பது தெரிந்துவிடும். அதனால் "தொலைச்சிராதீக" என்று மட்டும் சொன்னார்கள். ஊர் ஜனங்களா, சொன்னால் சொன்னதுதான். தாள் தொலைந்தாலும் உள்ளே இருப்பது தொலையக் கூடாது என்று, அன்றைக்கே பிரித்து, பன்னிரண்டு இலக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். தவசிக்கண்ணு மட்டும் தன் கவரைப் பிரிக்காமல் உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைத்தார்.

விருந்து நாளும் வந்தது. காலையிலேயே மசாலா வாசனை கண்மாய்க் கரை தாண்டிப் போய்விட்டது. தவசிக்கண்ணு கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் பூட்டிய தகரப் பெட்டி, இன்னொரு பக்கம் வேப்பமரத்தில் கட்டிய ஆடு. முதல் ஆளாக ஊர்க்காரர் உடையணன் வந்தார்.

"நம்மளது நாலு, பூஜ்யம், ஒம்போது, ஒம்போது..." என்று கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தார்.

தவசிக்கண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிறுத்துய்யா! உனக்கு எப்படித் தெரியும்?"

"கவர்ல இருந்துச்சே."

கமிட்டி ஓடி வந்தது. நோட்டைப் புரட்டினார்கள். நம்பர் யாருக்கும் தெரியக் கூடாது. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

"போன வருசம் கள்ளச் சீட்டுக்காரன் உள்ள போனது எப்படி? நம்பர் தெரிஞ்சதாலதான்" என்றார் தலைவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. "அப்ப நம்பர் தெரிஞ்சவன் வெளிய. தெரியாதவன் உள்ள. இதுல குழப்பமே இல்ல."

உடையணன் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் அப்படியே போய் உட்கார்ந்தார்கள். தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் முனியசாமி அரிவாளோடு எதிரே நிற்கும்போது எவனுக்கு நாக்கு வரும்?

பதினொரு மணிக்குச் சீலாங்குளத்துக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்த ஊர்ப் பெரிய தலை, வீரணன். போன வருஷச் சீட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது தவசிக்கண்ணு கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த நம்பரு?"

"கவருக்குள்ள இருக்கே, அது."

"எந்தக் கவரு?"

தவசிக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து இப்படி ஒரு யோக்கியனை அவர் பார்க்கவில்லை. "நம்ம ஊர்க்காரன் கவரைப் பிரிச்சுப் பாத்துட்டு வாரான். இவரு கவரைக்கூடப் பாக்கலை. உள்ள போங்க அண்ணாச்சி!"

வீரணன் பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரோடு வந்த நூற்றைம்பது பேரும் போனார்கள். பிறகு அவர்கள் போன் போட்டதில் இன்னும் நாலு ஷேர் ஆட்டோ வந்தது. ஒருவருக்கும் நம்பர் தெரியவில்லை. இலை முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது என்பதால், அவர்களில் பலர் முதல் இரண்டு பந்திக்கும் எழுந்திருக்கவேயில்லை.

இதற்கிடையில் கமிட்டியே சுருங்கிப்போனது. பூசைத்துரை தன் நம்பரைத் தாளம் போட்டுப் பாடம் செய்திருந்தார். குருந்தப்பன் ஒட்டியது சரியா என்று பார்க்கத் தன் கவரை மட்டும் பிரித்து, கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தார். தலைவரோ வரிசையில் நின்றவர்கள் ஒப்பித்ததையெல்லாம் கேட்டு, முந்நூறில் பாதியைத் தெரிந்துவைத்திருந்தார். மூவரும் தலையைக் குனிந்துகொண்டு புளியமரத்தடிக்குப் போனார்கள். ஊரிலேயே நம்பர் தெரியாத ஒரே ஆள், வந்தவர்களையெல்லாம் முதல் இலக்கத்திலேயே நிறுத்தி அனுப்பிய தவசிக்கண்ணுதான்.

கடைசிப் பந்தி போட்டார்கள். ஒரே ஓர் இலை பாக்கி. சமையல்காரர் அண்டாவைச் சாய்த்துச் சோறும் கறியும் வழித்து வைத்தார். அதன் உச்சியில் ஒரு நல்லி எலும்பு, முழங்கை நீளத்துக்கு, எண்ணெய் மின்னிக்கொண்டு நின்றது. தவசிக்கண்ணு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

அப்போதுதான் முத்தம்மா வந்தாள். ஊர் ஆம்பளைகள் எல்லாரும் மரத்தடியில் பட்டினி கிடக்கிறார்கள், சீட்டு இல்லாதவனுக்கு இலை இல்லையாம் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, உளுந்து டப்பாவைக் கவிழ்த்து, கவரைக் கிழித்து, தாளோடு ஓடி வந்திருந்தாள். இந்த மனுஷனுக்கு இன்றைக்காவது ஒரு வாய் கிடைக்கட்டும் என்ற தவிப்பு அவளுக்கு.

"இந்தாங்க, சீட்டை வுட்டுட்டு வந்துட்டீகளே!" என்று தூரத்திலிருந்தே உரக்கப் படித்தாள். "நாப்பத்தேழு, பூஜ்யம் ஒம்போது, முப்பத்தொண்ணு, எம்பத்தெட்டு, இருபத்தாறு, அம்பது!"

தவசிக்கண்ணு இரண்டு காதையும் பொத்தினார். அம்பதுக்குத்தான் பொத்த முடிந்தது.

"கேட்டுருச்சா?" என்று மரத்தடியிலிருந்து தலைவர் கவலையோடு கேட்டார்.

"கேட்டுருச்சு" என்றார் தவசிக்கண்ணு. சாமி முன்னால் வேறென்ன சொல்வார்?

கமிட்டி மரத்தடியிலேயே கூடி ஆலோசித்தது. தெரிந்தது குற்றம்தான். ஆனால் மறந்துவிட்டால் தெரியாததுதானே? இலை ஆறுவதற்குள் மறந்துவிட்டு வரச் சொன்னார்கள். எதையும் மறக்காமல் மறக்க வேண்டும் என்று, முத்தம்மாவை முழு நம்பரையும் இன்னொரு தரம் படிக்கவும் வைத்தார்கள். தவசிக்கண்ணு வேப்பமரத்துக்குப் பின்னால் போய், ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி மும்முரமாக மறந்தார். எதை மறக்க வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தலையை மரத்தில் முட்டினார். மூச்சைப் பிடித்தார். வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து முகமெல்லாம் மலர ஓடி வந்தார். "மறந்துட்டேன்! சுத்தமா மறந்துட்டேன்!"

"எதை?" என்றார் தலைவர்.

"நாப்பத்தேழு, பூஜ்யம் ஒம்போது, முப்பத்தொண்ணு, எம்பத்தெட்டு, இருபத்தாறு, அம்பதை!"

முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முதல் தரம் தவசிக்கண்ணு காதில் விழாத அம்பதுகூட அவருக்கு இப்போது மனப்பாடமாகியிருந்தது.

விரித்த இலையைச் சும்மா மடிக்கக் கூடாது. சீலாங்குளத்துக்காரர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை ஆகிவிட்டது, இனி ஊர்க்காரர் ஒருவர்தான் உட்கார்ந்தாக வேண்டும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பூசைத்துரை ஆட்டைப் பார்த்தார்.

"அதுக்குத் தெரியும்னுதான வாய்க்கூடு போட்டோம்?" என்றார் குருந்தப்பன்.

"நாமளா நெனச்சுக்கிட்டோம். எவனையும் கேக்காம வெளிய தள்ளலையே, அதையும் ஒரு வார்த்தை கேட்டுரணும்ல?" என்றார் தலைவர்.

வாய்க்கூட்டைக் கழற்றி, சாமிக்கு முன்னால் நிறுத்தி, சூடம் ஏற்றி மூன்று தரம் கேட்டார்கள். ஆடு மூன்று தரமும் வாயைத் திறக்கவில்லை. நம்பர் தெரியாதது ருசுவாகிவிட்டதால், மரியாதையோடு உள்ளே அழைத்துப் போய் இலை முன்னால் விட்டார்கள். அது கறியைக் காலால் தள்ளிவிட்டு இலையைத் தின்றது. நல்லி எலும்பு உருண்டு வாசலுக்கு வந்தது. சீலாங்குளத்திலிருந்து கூடவே வந்த நாய் அதைக் கவ்விக்கொண்டு போனது. நாய்க்கும் நம்பர் தெரியாது என்பதால் தவசிக்கண்ணு தடுக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்தேதான் இருந்தது. முத்தம்மா ஏப்பம் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றி, இரண்டு அப்பளமும் வைத்தாள். அவர் முதல் வாயை எடுக்கும்போது தலைவர், பூசைத்துரை, குருந்தப்பன் மூவரும் போனும் கையுமாக உள்ளே வந்தார்கள். பெங்களூரிலிருந்து போதும்பொண்ணு.

"பெரியப்பா, விருந்து எப்படி நடந்துச்சு? கள்ளச் சீட்டு வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலம்மா!" என்றார் தலைவர், பெருமை பொங்க. "நீ கொடுத்த நம்பர்ல ஒரு நம்பரைக்கூட சீலாங்குளத்தான் ஒருத்தனாலயும் சொல்ல முடியல. என்னா பாதுகாப்பு, என்னா பாதுகாப்பு! எங்களாலயே உள்ள போக முடியலன்னா பாத்துக்கயேன்!"

தவசிக்கண்ணு ரசக் கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்து, போன் பக்கம் குனிந்தார்.

"தாயி, நான் தவசிக்கண்ணு பேசுறேன். நீ சொன்ன அத்தனையும் ஒண்ணு விடாமச் செஞ்சுட்டோம். கடைசியா 'அதாவது'ன்னு ஒண்ணு சொன்ன பாரு, அது மட்டும் பாக்கி இருக்கு. அதை எப்ப வச்சுக்கலாம்?"